ஒரே எஸ்டேட் தேயிலைகளை வீட்டில் சுவைத்து ஒப்பிடுவது எப்படி: தண்ணீரில் தொடங்கி நோட்டுப் புத்தகம் வரை

தர்மபுரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் கூடி டீ சுவைத்துப் பார்க்கிறோம். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒவ்வொரு தோட்டத்து டீக்கும் தனிக் குணம் உண்டு என்று கேள்விப்பட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாள் "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர்கள் நாக்கில் குறை எதுவும் இல்லை. தண்ணீர், எடை, நேரம், கப், சூடு எல்லாம் கப்புக்குக் கப் மாறினால் இலையின் வித்தியாசம் அதற்குள் அமுங்கிப் போகும். இலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே நிலையில் நிறுத்துவதுதான் இந்த வேலை முழுவதும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

ஒரே எஸ்டேட் தேயிலை என்றால் ஒரு தோட்டத்தின் கொழுந்தை மட்டும் வைத்துத் தயாரித்தது. கடையில் வாங்கும் பாக்கெட் டீ பல தோட்டங்களின் தூளைக் கலந்தது. வருடம் முழுக்க ஒரே சுவை வர வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கலக்கிறார்கள். நீலகிரியில் சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகளும் நிறைய உண்டு. அவற்றில் நல்ல டீ கிடைக்கும், ஆனால் பையில் இருப்பது தொழிற்சாலையின் பெயர், தோட்டத்தின் பெயர் அல்ல. வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் தண்ணீர்

நம் பக்கத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பருப்பு வேகாத தண்ணீரில் டீயும் சரியாக இறங்காது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே தேயிலையை ஒரு கப்பில் போர்வெல் தண்ணீரிலும் இன்னொரு கப்பில் நல்ல தண்ணீரிலும் போட்டு, வடிகட்டி, ஐந்து நிமிடம் தொடாமல் வையுங்கள். போர்வெல் கப்பின் மேல் எண்ணெய் படிந்த மாதிரி மெல்லிய ஆடை கட்டும். ஸ்பூன் நுனியால் தொட்டால் துண்டு துண்டாக உடைந்து விலகும். கப்பின் ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் டீயில் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்களோடு சேர்ந்து, மேலே காற்றுப் படும் இடத்தில் உண்டாக்குவது அது. டிகாஷன் கறுத்து மங்கும். நாக்கில் சுரீரென்று வர வேண்டிய உணர்வு செத்துப் போகும்.

குன்னூரில் ஒரு கடையில் சுவைத்துப் பிடித்துப்போய் கால் கிலோ வாங்கி வந்தேன். வீட்டில் போட்டால் சப்பென்று இருந்தது. கடைக்காரர் வேறு எதையோ கட்டிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மோட்டார் ஓடவில்லை என்று குழாயில் வந்த ஒகேனக்கல் தண்ணீரில் போட்டபோது அந்த மணம் திரும்ப வந்தது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை.

ஆகவே காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் அதையே சாதாரண ஃபில்டரில் வடித்து எடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அது தரும் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பாருங்கள். 10, 20 என்று இருந்தால் அதுவும் சரியில்லை. டிகாஷன் பளபளப்பாக இருக்கும், வாயில் கனம் இருக்காது. 50 முதல் 150 வரை எனக்கு ஒத்துவருகிறது. பல இயந்திரங்களில் இதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ்.ஸை உயர்த்தப் போர்வெல் தண்ணீரை நேராகக் கலக்காதீர்கள். நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோடு, ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுகிற ஃபுளோரோசிஸ் நோய்த் தடுப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்கிறது, இளங்கொழுந்தைவிட முற்றிய இலையில் அதிகமாக. சுவைக்கும்போது விழுங்காமல் துப்பச் சொல்வதற்கு நம் ஊரில் இது ஒரு கூடுதல் காரணம்.

தண்ணீர் கொதிக்கும் சூடும் ஊருக்கு ஊர் மாறும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி குறைகிறது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 98 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், ஓசூரில் 97 டிகிரி அளவில். குன்னூரில் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மலையில் குடித்த டீயின் ஞாபகத்தோடு வீட்டு டீயை ஒப்பிடாதீர்கள். ஒரே மேசையில், ஒரே கெட்டிலில் இருந்து ஊற்றிய கப்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

2. எதை எதோடு வைப்பது

புதியவர்கள் ஆர்வத்தில் நீலகிரியின் மூன்று தோட்டங்களை வாங்கி வந்து முதல் நாளே வரிசையாக வைப்பார்கள். வித்தியாசம் நுணுக்கமானது. பிடிபடாமல் சலித்துப்போகும். தூரத்தில் தொடங்கி அருகில் வர வேண்டும்.

முதல் அமர்வில் மூன்று பகுதிகள்: ஒரு அஸ்ஸாம், ஒரு டார்ஜிலிங், ஒரு நீலகிரி. யாருக்கும் வித்தியாசம் தெரியும். இரண்டாம் அமர்வில் ஒரே தோட்டத்தின் இரண்டு பருவங்கள். டார்ஜிலிங்கில் காசில்டன், மார்கரெட்ஸ் ஹோப், ஜங்பானா போன்ற ஏதாவது ஒரு தோட்டத்தின் முதல் பறிப்பையும் இரண்டாம் பறிப்பையும் வையுங்கள். முதல் பறிப்பு பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை, இரண்டாம் பறிப்பு மே, ஜூன். செடி ஒன்று, மண் ஒன்று. பருவமும் அதற்கேற்ற தயாரிப்பும் எவ்வளவு மாற்றுகின்றன என்று அப்போது புரியும். மூன்றாம் அமர்வில்தான் ஒரே மலையின் வெவ்வேறு தோட்டங்கள்: நீலகிரியில் கோரகுந்தா, சாம்ராஜ், ஹவுக்கல், கிளென்டேல், தியாஷோலா இவற்றில் ஏதாவது மூன்று.

மூன்றுக்கு மேல் முதல் மாதங்களில் வேண்டாம். நாலாவது கப்பிலேயே துவர்ப்பு வாயில் தங்கி மற்றதை மறைத்துவிடும்.

வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்: தோட்டம், பறித்த மாதம், ரகம், தயாரித்த ஆண்டு. நீலகிரியின் மணமான டீ பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பனிக்காலத்தில் வருவது. பனிக்கால டீயையும் மழைக்கால டீயையும் பக்கத்தில் வைத்து, "இந்தத் தோட்டம் அதைவிட நல்லா இருக்கு" என்று சொன்னால் நீங்கள் தோட்டத்தைச் சொல்லவில்லை, மாதத்தைச் சொல்கிறீர்கள்.

ரகத்திலும் அப்படியே. ஓ.பி. (ஆரஞ்சு பீக்கோ), பி.ஓ.பி. (உடைந்த ஆரஞ்சு பீக்கோ), டஸ்ட் (தூள்) என்கிற பெயர்கள் முதலில் இலையின் அளவையும் வடிவத்தையும் குறிப்பவை. ஆரஞ்சு பீக்கோ என்ற பெயரில் ஆரஞ்சுப் பழம் எதுவும் இல்லை. உடைந்த இலை சீக்கிரம் இறங்கிக் கருஞ்சிவப்பாகும், முழு இலை மெதுவாக இறங்கும். ஒன்று முழு இலை, இன்னொன்று இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய சி.டி.சி. குருணை என்றால் அது தோட்டங்களின் ஒப்பீடு ஆகாது. எல்லாம் ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டி முறுக்கித் தயாரிப்பது), எல்லாம் ஒரே அளவு இலை என்று பார்த்து எடுங்கள்.

ஒவ்வொன்றிலும் 25 கிராம் போதும். இந்த அளவில் விற்கிறவர்களிடம் தபாலில் வரவழைக்கலாம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் டஸ்ட்தான்.

3. வந்த இலையை வைக்கும் இடம்

தேயிலை பஞ்சு மாதிரி, பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மசாலா டப்பா, பெருங்காயம், ஊதுபத்தி, புளிப்பானை இவற்றின் பக்கத்தில் வேண்டாம்.

மே மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு உறவினர் வீட்டில் அமர்வு வைத்தோம். அவர்கள் தேயிலைப் பொட்டலங்களை ஒரு வாரமாக வைத்திருந்த அறையில்தான் வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்கவைத்திருந்தார்கள். மூன்று கப்பிலும் எல்லோரும் "பழ வாசனை" என்று எழுதினோம். அன்றைய குறிப்பு முழுவதையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. காற்றுப் புகாத தகர டப்பா, இருட்டான அலமாரி, ஈரமில்லாத இடம்: இவ்வளவுதான் வேண்டும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போது இலையின் மேல் வேர்த்துவிடும்.

4. சாமான்கள்

வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள், ஒரே அளவில், ஒரு டீக்கு இரண்டு வீதம். ஒன்றில் ஊறவைத்து மற்றொன்றில் வடிப்பதற்கு. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறம் தெரியாது, சூடு உதட்டைப் பிடுங்கும். மூடுவதற்குச் சாசர்கள்.

நகை எடை போடுவது மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்பூனால் அளப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. என் வீட்டு ஸ்பூனில் தலை தட்டி அளந்தால் சி.டி.சி. தூள் 3 கிராமுக்குப் பக்கம் வந்தது. டார்ஜிலிங் முழு இலை ஒன்றரை கிராம்கூட வரவில்லை. "ஆளுக்கு ஒரு ஸ்பூன்" என்று போட்டால் ஒன்று இரட்டிப்புக் கடுப்பாக இருக்கும். அதைத் தோட்டத்தின் குணம் என்று எழுதிக்கொண்டு போவீர்கள்.

மற்றவை வீட்டிலேயே இருக்கும்: அளவுக் குவளை, கெட்டில், நெருக்கமான வடிகட்டி, ஆளுக்கு ஒரு குழிவான சூப் ஸ்பூன், கழுவ ஒரு டம்ளர் வெந்நீர், துப்ப ஒரு பெரிய சொம்பு. நேரத்துக்குக் கைபேசி.

5. நேரம், இடம், வாய்

காலை பத்தரை, பதினொன்று நல்ல நேரம். டிபன் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெங்காயச் சட்னி, பூண்டு, வெற்றிலை பாக்கு சாப்பிட்ட வாய்க்கு அன்று விடுமுறை.

சமையலறையில் வைக்காதீர்கள். தாளிப்பு வாசனை இருக்கும் இடத்தில் மெல்லிய டீ ஒன்றுமே பேசாது. மல்லிகைப்பூ, சென்ட், சாம்பிராணி எதுவும் அன்று வேண்டாம் என்று வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூ வைத்துக்கொண்டு வந்தவரை வாசலில் நிறுத்திச் சொன்னால் மனசு கஷ்டப்படும்.

வெளிச்சம் பகல் வெளிச்சமாக, நேர் வெயில் படாமல் இருக்கட்டும். மஞ்சள் பல்பின் கீழ் எல்லா டிகாஷனும் தங்க நிறம்தான்.

6. பெயரை மறைப்பது

இலையை எடை போடும்போதே ஒருவர் மட்டும் இருந்து, கிண்ணத்தின் அடியில் எண் ஒட்டி, எந்த எண் எந்தத் தோட்டம் என்று தனித் தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். அவர் அன்று பேசக் கூடாது.

"டார்ஜிலிங்" என்று ஒருமுறை காதில் விழுந்தால் போதும், நாக்கு அங்கே பூ வாசனையைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். விலை தெரிந்தால் இன்னும் மோசம். நான் பல வருடம் இதைச் செய்கிறேன், இன்றும் பெயர் தெரிந்த கப்பைப் பற்றிய என் கருத்தை நானே நம்புவதில்லை.

7. உலர்ந்த இலை

ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். முறுக்கு நன்றாக விழுந்திருக்கிறதா, அளவு ஒன்றுபோல் இருக்கிறதா, செம்பழுப்பு நார், காம்பு அதிகமா என்று பாருங்கள். நாரும் காம்பும் முற்றிய கொழுந்து பறித்ததைக் காட்டும். தங்க நிற நுனிகள் இளமொட்டு. அவை அழகு, ஆனால் அவற்றை வைத்து மட்டும் சுவையைத் தீர்மானிக்க முடியாது.

பிறகு ஒரு சிட்டிகையைக் கைக்குள் மூடி, வாயால் இரண்டு முறை வெதுவெதுப்பாக ஊதி, உடனே முகருங்கள். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் மணம் எழும். ஈர வாடையோ பூசண வாடையோ இங்கேயே தெரிந்துவிடும். அந்த இலையை அன்று வரிசையிலிருந்து எடுத்துவிடலாம்.

8. ஊறவைப்பது

சர்வதேச அளவில் இதற்கு ஒரு முறை உண்டு, ஐ.எஸ்.ஓ. 3103. 1980இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். எங்கள் கிண்ணத்துக்கு 3 கிராம், 150 மில்லி.

6 நிமிடம் என்றதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். குடிப்பதற்கு அது அதிகம்தான், வீட்டில் குடிக்க 3 நிமிடம் போதும். இங்கே நாம் குடிக்க வரவில்லை. இலையிடம் இருக்கும் நல்லதும் கெட்டதும் முழுக்க வெளியே வரட்டும் என்றுதான் அவ்வளவு நேரம். குறை உள்ள இலை 3 நிமிடத்தில் தப்பித்துவிடும்.

கிண்ணங்களை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுங்கள். குளிர்ந்த பீங்கான் 150 மில்லி தண்ணீரின் சூட்டைச் சட்டென்று இழுத்துவிடும். இலையைப் போடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி மூடுங்கள்.

ஊற்றுவதில் ஒரு இடைவெளி வைக்க வேண்டும். முதல் கிண்ணத்துக்கு ஊற்றி 30 விநாடி கழித்து இரண்டாவது, இன்னும் 30 விநாடி கழித்து மூன்றாவது. வடிக்கும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி. எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு ஒவ்வொன்றாக வடித்தால் கடைசிக் கிண்ணம் ஏழு நிமிடம் ஊறியிருக்கும். "மூணாவதுதான் ஸ்ட்ராங்" என்று எல்லோரும் சொன்ன ஒரு நாளில், வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தோம்.

நடுவில் கிளறக் கூடாது, வடிகட்டியில் இலையைப் பிழியக் கூடாது. பிழிந்தால் அந்தக் கப்பில் மட்டும் கடுப்பு கூடும்.

9. வெந்த இலையும் நிறமும்

வடித்ததும் ஊறிய இலையைச் சாசரில் தட்டி, சூடு இருக்கும்போதே மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகருங்கள். டிகாஷனைவிட இலை அதிகம் சொல்லும். பழைய செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினால் வருமே ஒரு நிறம், ஊறிய இலை அப்படி இருந்தால் புளிக்கவைத்த பக்குவம் சரி. கறுத்து மங்கி இருந்தால் அதிகம் புளித்திருக்கலாம், அல்லது உலர்த்தும்போது சூடு ஏறியிருக்கலாம்.

டார்ஜிலிங் முதல் பறிப்பு மட்டும் இதற்கு விலக்கு. அந்த இலையை நன்றாக வாடவிட்டுத் தயாரிப்பதால் பச்சை தெரியும். அது குறை அல்ல.

டிகாஷனில் பார்க்க வேண்டியது கருமை அல்ல, பளபளப்பு. நம் கண் பால் டீக்குப் பழகியது. நிறம் ஏறினால்தான் நல்ல தூள் என்று நினைக்கும். கிண்ணத்தின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல டீயில் அங்கே பொன் வளையம் மாதிரி ஒளி தெரியும். தியாஃப்ளேவின் என்கிற பொருள்தான் அந்தப் பொன்னிறத்துக்கும் நாக்கில் வரும் சுரீருக்கும் பெரிய காரணம். தியாரூபிஜின் செம்பழுப்பையும் கனத்தையும் தருகிறது.

10. உறிஞ்சுவது

வடித்தவுடனே வாயில் வைக்காதீர்கள். ஐந்தாறு நிமிடம் ஆறட்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்கு சூட்டை மட்டும்தான் உணரும். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்க்கு நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 2016இல் எச்சரித்திருக்கிறது.

ஸ்பூனில் பாதி எடுத்து, உதட்டருகே வைத்து, காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பாக உறிஞ்ச வேண்டும். சத்தம் வரும், வர வேண்டும். சின்ன வயதிலிருந்து "சத்தம் போட்டுக் குடிக்காதே" என்று கேட்டு வளர்ந்ததால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். குழந்தைகள் முதல் முறையே சரியாகச் செய்துவிடுவார்கள். காற்றோடு உறிஞ்சினால் டிகாஷன் துளித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் படும்; மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். டீயின் குணத்தில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் தெரிகிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு உறிஞ்சச் சொல்லுங்கள். துவர்ப்பும் சூடும் மட்டும் தெரியும். வாயில் டீ இருக்கும்போதே மூக்கை விடச் சொல்லுங்கள். அந்த நொடியில் டீ "திறக்கும்". அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் ஒவ்வொரு மாதமும் இதைச் செய்யச் சொல்கிறேன்.

நாலைந்து விநாடி வாயில் வைத்திருந்து, சொம்பில் துப்புங்கள். வாயை வெந்நீரில் கொப்பளித்துவிட்டு அடுத்தது. மெல்லிய நிறத்திலிருந்து கருஞ்சிவப்புக்குப் போங்கள், பிறகு தலைகீழாகத் திரும்பி வாருங்கள். முதலில் சுவைத்ததுதான் எப்போதும் தூக்கலாகத் தெரியும். இரண்டு திசையிலும் போனால் அந்தச் சாய்வு குறையும்.

11. சொல் பிடிப்பது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஸ்பூன் உறிஞ்சிவிட்டு, "அக்கா, இது ரொம்பக் கசக்குது" என்றாள்.

"கசக்குதா, இழுக்குதா?"

"நாக்கை இழுக்குதுக்கா."

"அப்போ அது துவர்ப்பும்மா. பாகற்காய் மாதிரி இருந்தாத்தான் கசப்பு."

துவர்ப்பு என்பது சுவை மட்டுமல்ல, வாயில் உண்டாகும் ஒரு உணர்வு. நாவல்பழம் தின்றபின் நாக்கு வரளுமே, மாங்கொட்டைப் பருப்பைக் கடித்தால் கன்னம் உள்ளே இழுக்குமே, அது. டீயில் அளவான துவர்ப்பு வேண்டும். கசப்பு நாக்கின் பின்புறம் தங்கும். அதிகம் கசந்தால் இலையிலோ தயாரிப்பிலோ ஏதோ சரியில்லை. இந்த இரண்டும் பிரிந்துவிட்டால் மற்ற சொற்கள் தானாக வரும்.

மூன்றாவது, கனம். வெறும் தண்ணீர் வாயில் நிற்பதற்கும் கஞ்சித் தண்ணீர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

மணத்துக்கு வெளிநாட்டுப் பட்டியலில் உள்ள சொற்களைக் கடன் வாங்காதீர்கள். சாப்பிட்டே அறியாத பழத்தின் பெயரை எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது. நம் வீட்டு வாசனைகளே போதும். அஸ்ஸாம் இரண்டாம் பறிப்பை எல்லோரும் "மால்ட்" என்பார்கள். முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து, வறுத்து, மில்லில் அரைத்துச் சூடாக வீட்டுக்குக் கொண்டுவரும்போது பையைத் திறந்தால் வருகிற வாசனை அது. தர்மபுரிக்காரர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பின் "மஸ்கட்டெல்" மணத்துக்குப் பன்னீர் திராட்சை. கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் வகையைச் சேர்ந்ததுதான், ஒப்புமை தற்செயல் அல்ல. நீலகிரிப் பனிக்கால டீயில் எனக்கு ஓசூர் ரோஜா, சில சமயம் எலுமிச்சை இலை.

குறைகளுக்கும் பெயர் வேண்டும். அடிப்பிடித்த வாசனை, புகை, புளித்த வாடை, ஈர மூட்டை வாடை. இந்த நான்கையும் தெரிந்து வைத்தாலே ஏமாறுவது பாதி குறையும்.

12. ஆறிய பிறகு இன்னொரு சுற்று

இதைப் பலர் விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கிண்ணங்களை அரை மணி நேரம் அப்படியே விட்டு, முழுக்க ஆறியதும் மறுபடி சுவையுங்கள். சூடு மறைத்து வைத்திருந்த குறை அப்போது வெளியே வரும். சுமாரானது வெறும் கடுப்பாகும். நல்லது ஆறியும் இனிப்பைக் காட்டும்.

சில கப்கள் ஆறும்போது பால் சொட்டு விட்ட மாதிரி கலங்கும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள். கஃபீனும் பாலிஃபீனால்களும் சேர்ந்து பிரிவதால் வருவது அது, வலுவான டீக்கு அடையாளம். சூடாக்கினால் தெளிந்துவிடும்.

13. உண்மையிலேயே தெரிகிறதா என்று சோதிப்பது

இரண்டு தோட்டங்களை உங்களால் பிரிக்க முடிகிறது என்று நினைத்தால் மூன்று கப் சோதனை செய்யுங்கள். மூன்று கப்பில் இரண்டு ஒரே டீ, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் ஒரு தடவை போதாது. 6 முறை செய்து 5 முறையாவது சரியாகச் சொன்னால் நம்பலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் அது நடக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு முறையும் கப்களின் இடத்தை மாற்றி வையுங்கள். ஒரே நாளில் ஆறையும் செய்யாமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

14. பால், கடைசியில்

பால் ஊற்றிப் பார்க்க ஆசை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு, புதிதாகப் போட்ட டிகாஷனில். சேர்த்துக் கொதிக்கவைக்காமல், 150 மில்லிக்கு இரண்டரை மில்லி பால், எல்லாக் கிண்ணத்துக்கும் சிரிஞ்சில் அளந்து. பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் மெல்லிய டீயில் ஒன்றும் மிஞ்சாது. அஸ்ஸாம் நிற்கும். டார்ஜிலிங் முதல் பறிப்பில் பால் ஊற்றாதீர்கள், வீண்.

15. நோட்டுப் புத்தகம்

மடித்து வைத்த தாளைப் பிரிப்பதற்கு முன்பே எல்லோரும் எழுதி முடித்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே எழுதினால் முதலில் வாய் திறந்தவரின் கருத்தே எல்லா நோட்டிலும் இருக்கும்.

தேதி, தண்ணீர், எடை, நேரம் மேலே. கீழே ஒவ்வொரு எண்ணுக்கும் நாலைந்து சொல் போதும். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "எண் 2. நிறம் வெளிர் ஆரஞ்சு, நல்ல ஒளி. ரோஜா, பின்னால் எலுமிச்சை இலை. துவர்ப்பு நடுத்தரம், நாக்கு நுனியில். கனம் குறைவு. ஆறியபின் இனிப்பு." பிடித்தது, பிடிக்கவில்லை என்பதைத் தனி வரியில் எழுதுங்கள். பிடிக்காத டீ நல்ல டீயாக இருக்கலாம்.

25 கிராமில் கொஞ்சம் கட்டாயம் மிஞ்சும். அதில் 6 கிராமை எண் போட்டு டப்பாவில் மூடி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, நோட்டைத் திறக்காமல் மறுபடி போட்டுச் சுவைத்து எழுதி, பிறகு பழைய பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒத்து வந்த சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். அடுத்த அமர்வுக்கு அந்தச் சொற்களோடு போகலாம்.